மட்டக்களப்புப் பறங்கியரும் கொழும்புப் பறங்கியரும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதி ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான் என்னும் ஊர்களைக் கடந்து வாழைச்சேனையை அடைகின்றது. இவ்வீதியின் மருங்கில் வாழும் தமிழர்க்குப் 'பறங்கியர்' என்னும் சொல் புதியதன்று. தச்சுவேலை வல்லவர், கொல்லுலை நடத்துவோர், தையற்காரர், இயந்திரம் திருத்துவோர் என்றே அச்சொல் அவர்தம் மனத்திற் பதிந்துள்ளது. அதே சொல்லைக் கொழும்பிற் கூறின் பொருள் வேறாகிவிடும். ஆண்டு நினைவுக்கு வருவோர் நீதிபதியரும் வைத்தியப் பேரறிஞரும் பத்திரிகாசிரியரும் ஓவியருமே. அரசினரின் குடிசன மதிப்பீட்டிலோ இவ்விரு சாராரும் ஒரே நிரலில், ஒரே பெயரின்கீழ் அடக்கப்படுகின்றனர். 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாடெங்குமுள்ள பறங்கியர் ஏறக்குறைய 38,000 பேர். அவருள் மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழ்வோர் மூவாயிரத்துக்கும் குறைவானவர். இருசாராரும் கடல் கடந்து வந்தோரின் வழிவந்தவர், இருசாராரும் கிறித்தவர், இருசாராரும் இந்நாட்டுப் பெண்டிரின் வயிற்றிற் பிறந்த மக்களின் சந்ததியார். அவ்வாறிருக்க, ஒரு சாரார் ஆட்சிமன்றத்தில் ஆசனம் பெற்றதும் மற்றொரு சாரார் பட்டடையின் முன் உழைத்ததும் யாது காரணத்தால் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வரலாறு சுருங்கக் கூறின் இதுவாகும். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1628இல் மட்டக்களப்பு வாவியின் நடுவே புளியந்தீவிற் கோட்டை அமைத்தனர். பத்தாண்டு கழிந்ததும், 1638இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்படிக்கை செய்துகொண்ட ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் வசமான முதற் போர்த்துக்கேயக் கோட்டை இதுவே. 1656இற் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. ஒல்லாந்தக் கும்பனியின் ஆட்சி 1796 வரை நீடித்தது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர்.

இவ்விரு கிளையினரின் வேறுபாட்டுக்குக் கூறப்படும் எளிய விடை குருதியைப் பற்றியது. ஒல்லாந்த வழியினர் கலப்புக் குறைந்தவர், ஆதலின் உயர்ந்தனர். போர்த்துக்கேய வழியினர் கலப்பு மிகுந்தவர், ஆதலிற் பின்னின்றனர் என்பது சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்பிற் பரவலாக நம்பப்பட்ட கூற்று. இது சற்று நோக்கியவளவிலே தளர்ந்துவிடுகின்றது. ஒல்லாந்தக் கும்பனியில் ஊழியம் புரிந்தோர் யாவரும் ஒல்லாந்தர் அல்லர். செருமானியர், பிரெஞ்சுக்காரர், வேறு நாட்டார் பலர் அதிலிருந்தனர். மாட்சுயிக்கர் முதலிய ஆளுநர்கள் தம் வீரரும் ஊழியரும் இந்நாட்டு மகளிரை மணந்து குடியமர்தலை ஊக்குவித்தனர். அவர்கள் மணந்த மகளிரிற் பலர் போர்த்துக்கேயக் கலப்புக் குடும்பத்தினர். ஆதலின் ஒல்லாந்தர் வீடுகளிலேயே தாய்மொழியாக நிலவியது ஒல்லாந்த மொழியன்று, இலங்கைப் போர்த்துக்கேயமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெஸ்லியன் சங்கத்தார் கொழும்பில் அம்மொழியிற் சமய நூல்களை அச்சிட்டமைக்கும் இதுவே காரணம்.

மறுபுறம், மட்டக்களப்பில் போர்த்துக்கேயம் பேசிக் கத்தோலிக்கராய் வாழும் குடும்பங்கள் சிலவற்றின் பெயர்கள் ஒல்லாந்தப் பெயர்களே. கும்பனியின் கீழ்நிலைப் படைவீரரும் கைவினைஞரும் போர்த்துக்கேய வழிக் குடும்பங்களில் மணம்புரிந்து அவர்களோடு ஒன்றாயினர் என்பதையே இது காட்டும். பிறிதோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சியின் குலமுதல்வர் பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையிலிருந்து கொழும்புக்கு வந்து ஒல்லாந்தரிடம் ஊழியம் புரிந்த தமிழ் வைத்தியர் ஆவர். தமிழ் வைத்தியரின் மரபு உயர்நிலைப் பறங்கியருள் இடம்பெற்றது. ஒல்லாந்த வீரனின் மரபு தச்சுப் பட்டடையைச் சேர்ந்தது. குருதியே காரணமாயின் இவ்வாறு நிகழ்தல் கூடாது.

'பேகர்' என்னும் ஒல்லாந்தச் சொல் முதலில் இனத்தைக் குறித்ததன்று. நகரக் குடியுரிமை பெற்ற, கும்பனி ஊழியத்திலில்லாத சுயாதீன மனிதனைக் குறித்தது. ஆங்கிலேயர் காலத்திலேதான் அது ஓர் இனப்பெயராயிற்று. 1830ஆம் ஆண்டளவில், கோல்புறூக் ஆணைக்குழுவினரின் விசாரணையின்போது, பிரதம நீதியரசர் சேர் றிச்சட் ஒட்லி இச்சொல்லுக்கு வரையறை கூறினார். தந்தைவழியில் ஐரோப்பிய முன்னோர் இருந்தாற் போதும், எத்தனை தலைமுறை கழிந்தாலும், தாய் எவ்வினத்தவளாயினும், அவன் பறங்கியனே என்பது அவ்வரையறையின் சாரம். அதன்படி போர்த்துக்கேய வழியினர்க்கும் ஒல்லாந்த வழியினர்க்கும் சட்டத்தில் வேறுபாடில்லை. 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையிற் பறங்கியர்க்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டது. ஆயின் அவ்வாசனத்தில் அமர்ந்தோர் ஒல்லாந்த வழியினரே.

அதற்குக் காரணம், ஆட்சி மாறியபோது ஒல்லாந்த வழியினர் கையில் இருந்த மூலதனமே. அது பொன்னும் மணியுமன்று. எழுத்தறிவும் அலுவலகப் பழக்கமும் சட்டமுமாகும். ஆங்கிலேயர் நாட்டைக் கைப்பற்றிய பின்னரும் உரோம-ஒல்லாந்தச் சட்டத்தை அகற்றவில்லை. இன்றும் இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படை அதுவே. அச்சட்டத்தை அறிந்தவர், பதிவேடுகளைப் படிக்க வல்லவர், புதிய ஆட்சியாளர்க்கு இன்றியமையாதவராயினர். அவர்கள் ஒல்லாந்த மொழியை விரைந்து கைவிட்டு ஆங்கிலத்தை வீட்டுமொழியாக்கிக் கொண்டனர். கச்சேரி, சுங்கம், தபால், நில அளவை, நீதிமன்றம் யாவற்றிலும் எழுதுவினைஞர் பதவிகள் அவர்களுக்குக் கிடைத்தன; 1860களிற் புகையிரதப் பாதை அமைந்தபின் அதிலும் அவ்வாறே. மாத்தறையிற் பிறந்த சாள்ஸ் அம்புறோஸ் லோரன்ஸ் (1829-1871) வழக்கறிஞராகிச் சட்டநிரூபண சபையில் அமர்ந்ததோடு, 1859இல் 'எக்சாமினர்' பத்திரிகையை வாங்கி இந்நாட்டார் கையில் வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகையாக்கினார். பிற்காலத்தில் சத்திரவைத்தியராய் விளங்கி வேடர் வாழ்வையும் எழுதிய ஸ்பிற்றல், 1943இல் தோன்றிய ஓவியர் குழுவில் முன்னின்ற லயனல் வென்ற், ஜோர்ஜ் கீற் ஆகியோரும் இவ்வழி வந்தோரே.

இனி மட்டக்களப்பை நோக்குவோம். இங்குக் குடியமர்ந்தோர்க்கு எழுதுகோல் இருக்கவில்லை, கருவிகள் இருந்தன. இந்நாட்டின் செல்வமோ நெற்காணி. கிரான் முதலிய ஊர்களில் ஒருவரின் நிலை அவருடைய வயலின் பரப்பாலும், அவர் சார்ந்த தாய்வழிக் குடியாலும், கோயிலில் அக்குடிக்குரிய உரிமையாலும் அளக்கப்பட்டது. போடியார் என்னும் பெயரே வயலுடைமையின் பெயர். கத்தோலிக்கராகிய பறங்கியர்க்குக் குடியுமில்லை, கோயிலுரிமையுமில்லை, வயலுமில்லை. நிலத்தின்வழி உயர இயலாதவர்க்கு எஞ்சியது தொழில் ஒன்றே. ஆயின் தொழிலிலும் ஓர் எல்லை இருந்தது. கொல்லர், தச்சர் என்னும் தமிழ்க் கைவினைக் குடியினர் அதற்குமுன்னரே இருந்தனர். ஆதலின் பறங்கியர் கொணர்ந்த புதிய பொருள்களும் புதிய முறைகளுமே அவர்க்குரிய துறையாயின. கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, துப்பாக்கி, பின்னர்த் தையற்பொறி, பின்னர் மோட்டார் வண்டி என அத்துறை காலந்தோறும் விரிந்தது. கொழும்பு உயர்நிலையார் இவர்களை 'மெக்கானிக்குகள்' என இகழ்ச்சியாகக் குறித்தனர். இப்பெயரையும் அதன் பின்னணியையும் அமெரிக்க மானிடவியலார் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை விரிவாக எடுத்துரைக்கின்றது.

தமிழில் வழங்கும் திசைச்சொற்களே இவ்வேறுபாட்டுக்குச் சான்று பகரும். போர்த்துக்கேயத்திலிருந்து வந்தவை கதிரை, மேசை, அலுமாரி, சாவி, யன்னல், குசினி, பீப்பா, சப்பாத்து, அலவாங்கு முதலியன. வீட்டையும் பட்டடையையும் சார்ந்த சொற்கள். ஒல்லாந்தத்திலிருந்து வந்தவை தொகையிற் சில. கந்தோர், நொத்தாரிசு, துட்டு என்பன அவற்றுள் அடங்கும். தோம்பு என்னும் காணிப்பதிவேட்டின் பெயர் போர்த்துக்கேயமேயாயினும் அதனை விரிவாக எழுதிக் காத்தவர் ஒல்லாந்தர். ஒருவர் அலவாங்கையும் மற்றவர் கந்தோரையும் தந்தனர் என்றாற் பிழையாகாது.

வந்தேறிய இரு கூட்டத்தாரை ஒப்பிடும்போது அவர் எவ்வாயிலால், எப்போது நுழைந்தனர் என்பதை முதலில் வினவுதல் பிறநாட்டு ஆய்வாளரும் கைக்கொள்ளும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் தேனிய வழியினரும் யமேக்க வழியினரும் தனித்தனியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் உளர். தேனியரிற் பெரும்பாலோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தனர். 1862ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் வழங்கிய காலம் அது. யமேக்கரிற் பெரும்பாலோர் 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்பின் நியூயோக் முதலிய நகரங்களை அடைந்தனர். அப்போது இலவச நிலமில்லை. இருந்தது கூலியும், மருத்துவமனைப் பணியும், நிறவேற்றுமையுமே. இவ்விருவரின் இன்றைய வருவாயை மட்டும் அருகருகே வைத்து மனப்பண்பை அளப்பது பொருந்தாது. மட்டக்களப்பையும் கொழும்பையும் அவ்வாறு அளப்பதும் அத்தகையதே.

எழுத்தின் ஆற்றல் பிற்காலத்தில் இன்னும் வெளிப்படையாயிற்று. 1908இல் அரசினர் சுவடிக் காப்பாளராயிருந்த ஆர். ஜீ. அந்தோனிசு முதலியோர் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தை நிறுவினர். கும்பனி ஊழியர் ஒருவரிலிருந்து தந்தைவழியில் வந்தமையைக் காட்டுவோர்க்கே அதில் இடம். சங்கத்தின் சஞ்சிகை குடும்பந்தோறும் வமிசாவளியை அச்சிட்டு வந்தது. வீண் பெருமையெனச் சிலர் நகைத்தனர். நகைப்புக்கு இடமும் இருந்தது. ஆயின் 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானபோது ஆங்கிலத்தால் வாழ்ந்த அக்குடும்பங்களின் அடித்தளம் அசைந்தது. அக்காலத்து அவுஸ்திரேலியா வெள்ளையரல்லாதார்க்குக் கதவடைத்திருந்தது. ஐரோப்பிய வமிசத்தை மெய்ப்பிக்க வல்லவர்க்கு மட்டும் அது திறந்தது. அச்சிட்ட வமிசாவளி அங்கே கடவுச்சீட்டுக்கு நிகராயிற்று. 1950களிலும் 60களிலும் ஆயிரக்கணக்கானோர் மெல்பேண் முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர்.

மட்டக்களப்பாருக்கு அத்தகைய ஏடில்லை. அவர்களுடைய கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் மக்களை ஒன்றுகூட்டியதேயன்றி வமிசாவளி ஆய்ந்ததன்று. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் தாக்கியது. ஆங்கிலம் பேசுவோர் என்ற வகையிலன்று, தமிழ் பேசுவோர் என்ற வகையில். அவர்தம் பிள்ளைகள் தமிழ் மொழியிலேயே கற்றனர். அரசாங்க உத்தியோகத்தில் அயல்வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு நேர்ந்த இடர் அவர்க்கும் நேர்ந்தது. தொழிற்சாலைத் தளபாடமும் ஆயத்த ஆடையும் ஆலைச் சப்பாத்தும் சந்தைக்கு வந்தபோது கைவினையின் வருவாய் குன்றியது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் நகரின் தொழில்கள் நலிந்தன. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டாகிய டச்பாரிற் செறிந்து வாழ்ந்த பறங்கியர் குடியிருப்பை அழித்தது. உயிரிழந்தோர் பலர், எஞ்சியோர் உள்நாட்டில் வேறிடங்களிற் குடியமர்த்தப்பட்டனர். ஒரு சிறு சமூகம் தன் மொழியைக் காத்தற்கு நெருங்கி வாழ்தல் வேண்டும். அந்நெருக்கத்தையும் கடல் குலைத்துவிட்டது.

இங்கு ஒரு முரண்பாடு குறிப்பிடத்தக்கது. உயர்ந்த சாரார் ஒல்லாந்தத்தையும் இழந்தனர், போர்த்துக்கேயத்தையும் இழந்தனர். இன்று அவர்களிற் பெரும்பாலோர் இலங்கையிலேயே இல்லை. தாழ்ந்தவராகக் கருதப்பட்டோரே நானூறு ஆண்டுகளாக ஒரு மொழியை உயிருடன் வைத்திருந்தனர். அம்மொழி வெறும் எச்சமுமன்று. சொற்கள் போர்த்துக்கேயமாயினும் அமைதி தமிழ்போலாயிற்று. ஐரோப்பியப் போர்த்துக்கேயத்தில் வினை பெரும்பாலும் இடையில் நிற்கும். இங்கு அது வாக்கிய இறுதிக்கு வந்துவிட்டது. 'பரா' என்று பெயர்க்கு முன் நிற்கும் சொல் இங்குப் 'பெ' எனத் தேய்ந்து, தமிழின் நான்காம் வேற்றுமைக் 'கு' உருபுபோலப் பெயர்க்குப் பின் ஒட்டுகின்றது. உடைமை குறிக்கும் 'சுவா' அவ்வாறே 'சு' என்னும் உருபாயிற்று. வீட்டிற் போர்த்துக்கேயமும் வீதியில் தமிழும் பேசிய மக்களின் நாவில் இரண்டும் கலந்து விளைந்த விளைவு இது. திருமண வீடுகளில் வயலின் இசைக்கு ஆடப்படும் கபிறிஞ்ஞா ஆட்டமும் அவர்களிடமே எஞ்சியுள்ளது.

அறிஞர் உலகம் இம்மொழியைச் சென்ற அரை நூற்றாண்டாக நாடி வருகின்றது. கனடாவைச் சேர்ந்த இயன் சிமித் 1970களில் அதன் ஒலியமைப்பை ஆராய்ந்தார். அமெரிக்கரான டேவிட் ஜாக்சன் 1990இல் அதன் வாய்மொழிப் பாடல்களைப் பற்றி நூல் வெளியிட்டார். 2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்து இயூகோ கார்தோசோவின் குழுவினர் மட்டக்களப்பு, திருகோணமலை முதலிய இடங்களில் முதியோரின் பேச்சையும் ஆடலையும் ஒலி, ஒளிப்பதிவாக்கினர். முதியோர் போர்த்துக்கேயத்தில் வினவ இளையோர் தமிழில் விடையளிக்கும் வீடுகளே இன்று மிகுதி. பாடசாலையில் அம்மொழிக்குப் பாடநூலில்லை, தேர்வில்லை, அதனைக் கற்றவர்க்கு உத்தியோகமுமில்லை. குடிசன மதிப்பீட்டு அலுவலர் வீடுதேடி வரும்போது எழுதிக்கொள்ளும் பெயர், மெல்பேணுக்குச் சென்ற நீதிபதியின் உறவினர்க்கும் மட்டக்களப்பில் உளிபிடிக்கும் தச்சருக்கும் இன்றும் ஒன்றே.