காலாவதி தேதி மட்டும் போதாது



மருந்து அட்டையிலுள்ள காலாவதி தேதி, அதில் சொன்ன வெப்பநிலையில் வைத்தால்தான் செல்லும். பெரும்பாலான மாத்திரைகளுக்கு அது 25 அல்லது 30 டிகிரி செல்சியஸ். நம் கரிசல் பூமியின் சித்திரை வெயிலில் தகரக்கூரை வீடு இதை எளிதாகத் தாண்டிவிடும். சூடு கூடக்கூட மருந்தின் வீரியம் குறையும், பார்த்தால் தெரியாது.

இதில் அதிகக் கவனம் வேண்டியது சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின். அது ஒரு புரதம், சூட்டில் கெட்டுவிடும். திறக்காத குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தால் காலாவதி தேதிவரை இருக்கும். போடத் தொடங்கிய குப்பி, 30 டிகிரிக்குள் வைத்தாலும் பெரும்பாலும் 4 வாரம்தான். ஃப்ரீசரில் உறைந்துபோனதை உருகிய பிறகும் போடக்கூடாது.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, ஈரம் காயாமல் தண்ணீர் ஊற்றி, நிழலில் வையுங்கள். குப்பியை நனையாதபடி மூடிய டப்பாவில் போட்டு உள்ளே வைக்கலாம். காற்று வறண்டிருக்கும்போது பானை நன்றாகக் குளிரும். அடுப்படி அலமாரியும் வண்டி டிக்கியும் எந்த மருந்துக்கும் ஆகாது.

ஒழுங்காக ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லையா? நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். மருந்து இருந்த இடத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.