உண்ணியின் வயிற்றுக்குள் ஒரு சுற்று

மாமல்லபுரத்துக் கல் குரங்கு தன் துணைக்குப் பேன் பார்க்குமே, அதைப் பார்த்துவிட்டுத்தான் திருக்கழுக்குன்றம் பக்கத்து ஆட்டுப்பட்டிக்குப் போனேன். ஆயா ஒருத்தர் கிடாவின் காதை மடித்துக் காட்டினார். மடிப்பில் நாலைந்து உண்ணி, கேழ்வரகு மணி போல! ஒன்று மட்டும் இடம் தேடி ஊர்ந்தது. லென்ஸை நெருக்கினேன். முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டுகிறது. அந்தக் காலில்தான் அதற்கு மோப்பம்! ஆட்டின் மூச்சும் சூடும் அதில்தான் எட்டும்.

"இன்னாம்மா, உண்ணியப் போயி இப்டிப் பாக்குற?"

பார்க்காமல் எப்படி ஆயா! கொசு நிமிஷத்தில் உறிஞ்சிவிட்டுப் பறந்துவிடும். உண்ணியோ பசை சுரந்து, தோலில் தன்னைப் பூட்டிக்கொண்டு, நாள்கணக்கில் குடிக்கும். இனி உள்ளே வாருங்கள். அதன் குடலில் இரத்தம் மெதுவாக, குடல் செல்களுக்குள்ளே போய்த்தான் செரிக்கிறது. கூடவே வந்த வைரஸ் பிழைத்துக்கொள்ள இது போதும். குடல் சுவரைத் தாண்டி எச்சில் சுரப்பியைப் பிடித்துவிட்டால் அடுத்த கடிக்குத் தயார். ஆறு கால் குஞ்சு தோலுரித்து எட்டுக் காலாக எழுந்தாலும் வைரஸ் உள்ளேயே இருக்கும்!

எல்லா உண்ணிக்கும் இந்தத் திறமை பலிக்காது. சாதாரண மாட்டு உண்ணி குஞ்சிலிருந்தே ஒரே மாட்டில் காலம் தள்ளிவிடும். பருவத்துக்கு ஒரு விலங்கு என்று மூன்று முறை ஏறி இறங்குகிற ஜாதிதான் வைரஸை ஊர் ஊராகச் சேர்க்கும். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, ஜனங்களையும் காய்ச்சல் பிடித்ததே, அதைச் சுமந்தது இப்படியொரு ஹீமாஃபைசாலிஸ் உண்ணி. செத்த குரங்கிலிருந்து இறங்கியவை அங்கேயே அடுத்த உடம்புக்குக் காத்திருந்தன. மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் அதன் குட்டிப் பருவம். கண்ணுக்கே சரியாகப் படாது. அதே குடும்பத்து இன்னொரு உண்ணி நம்மூர் ஆடுகளில் சகஜம். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து ஆடுகளில் பிடித்த அந்த உண்ணியிலிருந்துதான் கஞ்சம் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள்.

என்னைத் தூங்கவிடாத சங்கதி இது: 1987இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரே கினிப்பன்றிமேல் வைரஸ் உள்ள உண்ணியையும் இல்லாததையும் சேர்த்து மேயவிட்டார்கள். கினிப்பன்றியின் இரத்தத்தில் வைரஸ் தென்படவே இல்லை. ஆனாலும் சுத்தமான உண்ணிக்குத் தொற்றிவிட்டது! எச்சில் ஊறிய தோல் வழியாகவே கைமாற்று!

ஆயா நகத்தால் நசுக்கப் போனார். "வேணாம் ஆயா, இதால புடிங்க" என்று சாமணத்தை நீட்டினேன். தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தார். வாய் முறியாமல் முழுசாக வந்தது. கால்கள் இன்னும் காற்றில் துழாவின.