மதிப்பெண் விழுங்கும் குறிப்பு

அரையாண்டு, இரண்டாம் பருவத் தேர்வுகளின் திருத்திய விடைத்தாள்கள் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்துப் போட்டு இந்த வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: ஆசிரியர் பாராட்டினால் பிள்ளை படிக்குமா, கண்டித்தால் படிக்குமா? மகன் தாளில் ‘முயற்சி தேவை’ என்று மூன்று தேர்வுகளாக எழுதியிருந்தும் அவனிடம் எந்த மாற்றமும் இல்லை என்கிறார் ஒரு தாய்.

மாற்றம் இல்லாததில் வியப்பில்லை. அந்த இரண்டு சொற்களில், அடுத்து அவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான தடயமே கிடையாது.

பாராட்டு, கண்டிப்பு என்ற பிரிவினையைவிட முக்கியமான ஒன்றை ஆய்வுகள் காட்டுகின்றன. 1996இல் ஆவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்செலோ டெனிசி ஆகியோர் பின்னூட்டம் குறித்த ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் பலன் தந்திருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான முடிவுகளில், பின்னூட்டம் பெற்றவர்களின் செயல்திறன் குறைந்தே போயிருந்தது! அவர்கள் தந்த விளக்கம் இது: செய்கிற வேலையிலிருந்து கவனம் விலகி, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பலன் கெடுகிறது. ‘மக்கு’ என்றாலும் அங்கேதான் திரும்பும். ‘கெட்டிக்காரன்’ என்றாலும் அங்கேதான்.

இஸ்ரேலில் ரூத் பட்லர் நடத்தி 1988இல் வெளியிட்ட சோதனை இதை அப்பட்டமாகக் காட்டியது. ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும். ஒரு குழுவுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த பயிற்சியை மேலும் நன்றாகச் செய்தார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்ற குழுதான் மேலும் சிறந்திருக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? அந்தக் குழு, மதிப்பெண் மட்டும் பெற்ற குழுவைப் போலவே நடந்துகொண்டது. பக்கத்தில் எண் இருந்ததால் ஆசிரியர் எழுதியது வீணாகிவிட்டது. முன்னணி மாணவர்கள் மதிப்பெண் பெற்றும் ஆர்வத்தோடு இருந்தார்கள், சோர்ந்தவர்கள் பின்தங்கியவர்கள். குறிப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே அது போய்ச் சேரவில்லை என்பது என்னை உலுக்குகிறது.

நம் வகுப்பறைகளில் நடப்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். தாள் கைக்கு வந்ததும் பிள்ளையின் கண் எண்ணுக்குப் போகிறது, அடுத்த நொடி பக்கத்து பெஞ்சின் எண்ணுக்கு. அத்தோடு தாள் பைக்குள் போய்விடுகிறது. ராத்திரியெல்லாம் கண்விழித்து ஆசிரியர் எழுதிய வரியைப் படிக்க யாருக்கும் நேரமில்லை.

தமிழகத்தில் 2012-13இல் முப்பருவ முறையோடு, எட்டாம் வகுப்பு வரை, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. கற்கும்போதே பிள்ளைக்கு உதவுவதுதான் வளரறி மதிப்பீடு என்றது அரசு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. உதவிக்கென்று வைத்ததை 40 ஆக்கி, 60உடன் கூட்டி, தரநிலையாக மாற்றிப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு அதுவும் இன்னொரு தேர்வுதான். ஆசிரியரின் நேரமும் கட்டங்களை நிரப்புவதில் கரைகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை பேசும் 360 டிகிரி முன்னேற்ற அட்டையையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கட்டங்கள் கூடுகின்றன; பிள்ளை அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்லும் வரி எங்கே?

அந்த வரி எப்படி இருக்கும்? 3/4 + 1/2 = 4/6 என்று ஒரு சிறுமி எழுதியிருக்கிறாள் என்று வையுங்கள். ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. ‘பகுதிகளையும் கூட்டிவிட்டாய். முதலில் இரண்டையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவா. நாளை மறுபடி போட்டுக் காட்டு’ என்று எழுதினால் அவள் உட்கார்ந்து செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. மறுபடி செய்ய வாய்ப்பில்லாமல் எழுதும் எந்தக் குறிப்பும் வெறும் தீர்ப்பாகவே நின்றுவிடும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கறாராகத் திருத்தினால் பிள்ளை நொறுங்கிப்போகாதா? அமெரிக்காவில் டேவிட் யேகர் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ‘உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் முடியும் என்று தெரியும்’ என்ற பொருளில் ஒரு துண்டுச்சீட்டைத் திருத்திய கட்டுரையோடு சேர்த்ததும், கட்டுரையைத் திருத்தி எழுத முன்வந்த கறுப்பின மாணவர்கள் 17 சதவீதத்திலிருந்து 72 சதவீதமானார்கள்.

ஆசிரியரின் முன்முடிவு மதிப்பெண்ணில் புகுமா? புகும். இந்தியாவில் ரெமா ஹன்னா, லீ லிண்டன் நடத்திய சோதனையில், விடைத்தாளின் முகப்பில் தாழ்த்தப்பட்ட சாதி என்று இருந்தபோது திருத்தியவர்கள் சற்றுக் குறைத்தே போட்டார்கள்.

‘நீ புத்திசாலி’ என்று சொல்லலாமா? அவன் எந்த வழியில் விடை கண்டான் என்பதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

மதிப்பெண்ணையே ஒழித்துவிடலாமா? பொதுத்தேர்வுக்கு அது வேண்டும். வாராவாரம் வைக்கும் சிறுதேர்வுக்கு வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடும் பெற்றோர் என்ன செய்யலாம்? மொத்தத்தைக் கேட்கும் முன் தாளைப் பிரித்து, தவறிய ஒரு கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து மறுபடி போட்டுப் பாருங்கள்.