செயற்கைக்கோள் கண்ணில் நம் ஏரியும் வயலும்!

2018 கோடையில் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் சென்னையின் புழல் ஏரி தண்ணீரோடு தெரிகிறது. 2019 கோடையில் எடுத்த படத்தில் அதே ஏரி காய்ந்து, பழுப்பு நிறத்தில் கிடக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் விளக்கமே தேவையில்லை. புழலுக்கு மட்டுமல்ல, நம் ஊர் ஏரி, கண்மாய்களுக்கும் இப்படிப் பல ஆண்டுப் படங்கள் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972-ம் ஆண்டிலும், இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988-ம் ஆண்டிலும் விண்ணுக்குச் சென்றன. லேண்ட்சாட் படங்கள் 2008-ம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைக்கின்றன.

பச்சையை அளப்பது எப்படி?

நல்ல இலை, சூரிய ஒளியில் உள்ள சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். பயிர் வாடினால் இந்த வித்தியாசம் குறையும். இதைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் ‘என்.டி.வி.ஐ’ எனப்படும் தாவரக் குறியீடு.

ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதாவது, சுமார் இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு 40 புள்ளிகள் கிடைக்கும். லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். ஏக்கருக்கு நான்கைந்து புள்ளிகள்தான். 20 சென்ட் வயலாக இருந்தால் பக்கத்து வயலும் அதில் கலந்துவிடும்.

மேகம் மறைத்தால்..?

டெல்டாவில் சம்பா நெல் மூழ்குவது வடகிழக்குப் பருவமழையில். அப்போது வானம் முழுக்க மேகம். சாதாரண படத்தில் வெள்ளைத் திட்டுதான் தெரியும். இதற்குக் கைகொடுப்பது சென்டினல்-1 போன்ற ராடார் செயற்கைக்கோள்கள். அவற்றின் அலைகள் மேகத்தை ஊடுருவும். இரவிலும் வேலை செய்யும். நடவு வயலில் தேங்கிய தண்ணீர், கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். தூர்கட்டி வளர வளர வெளுக்கும். இந்த மாற்றத்தை வைத்து நடவுக் காலத்தையும் நெல் பரப்பையும் கணிக்கலாம். பயிர் முழுவதும் மூழ்கினால் மீண்டும் கறுக்கும்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2023 காரிஃப் பருவம் முதல் நெல், கோதுமை மகசூலை மதிப்பிட, பயிர் அறுவடைப் பரிசோதனையோடு தொலையுணர்வுக் கணக்கையும் சேர்க்கும் முறை வந்துள்ளது. அதனால், இந்தக் கண் எதைப் பார்க்காது என்பதும் விவசாயிக்குத் தெரிய வேண்டும்.

கண் தவறும் இடங்கள்

ஒரு சென்டினல்-1 செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள்கள் ஆகும். இடையில் மூன்று நாள் தேங்கி வடிந்த வெள்ளம் படத்தில் விழாமலே போகலாம். கதிர் நின்று, மணி பதராகிப் போனதும் மேலிருந்து சுலபமாகத் தெரியாது. ஏரியில் பச்சை தெரிந்தால் செழிப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. அது சீமைக்கருவேலமாகவோ, தண்ணீரை மூடிய ஆகாயத்தாமரையாகவோ இருக்கலாம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* சர்வே எண், பயிர், பரப்பு, நடவுத் தேதி ஆகியவை அடங்கலில் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பருவத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

* பயிர் மூழ்கினால், தண்ணீர் வடிவதற்குள் தேதியும் இடமும் பதிவாகும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தாமதிக்காமல் வேளாண்மைத் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

* ஊர் ஏரியின் பழைய படங்களைக் கணினியில் ‘கூகுள் எர்த்’ மூலம் பார்க்கலாம். இஸ்ரோவின் ‘புவன்’ தளத்திலும் செயற்கைக்கோள் படங்கள் உள்ளன. ஒப்பிடும்போது ஒரே மாதப் படங்களை எடுங்கள். ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டால் எந்த ஏரியும் சுருங்கியதாகத்தான் தெரியும்.

* ஆக்கிரமிப்புப் புகாருக்குப் படம் வலு சேர்க்கும். ஆனால், எல்லையை உறுதிசெய்பவை புலப்படமும் அ-பதிவேடும்தான். கிராமசபையில் மனு கொடுக்கும்போது மூன்றையும் சேர்த்தே கொடுங்கள்.