மூங்கில் பந்தல் நீடித்து நிற்க

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் முதன்மையான பயிர்கள். ஆயினும், வீட்டுக் கொல்லையிலும் கிணற்றடித் தோட்டத்திலும் புடல், பாகல், பீர்க்கு முதலிய கொடிக் காய்கறிகளைப் பயிரிடுவோரும் உளர். மூங்கிலால் போடும் பந்தல், கொடி காய்த்துக் கனத்திருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ந்துவிடின், பந்தலுக்கான செலவோடு விளைச்சலும் போய்விடுகிறது. இந்நஷ்டத்தைத் தவிர்ப்பது நம் கையிலேயே உள்ளது.

சாய்ந்த பந்தலின் கால் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். மேற்பகுதி பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். மண்மட்டத்தை ஒட்டிய பகுதியே இற்றுப்போயிருக்கும். ஈரமும் காற்றும் அங்கே ஒருங்கே கிடைப்பதால் பூஞ்சணம் வளர்கிறது. கறையானும் அவ்வழியே ஏறுகிறது. பக்குவம் செய்யாத மூங்கிலை மண்ணில் ஊன்றினால் பொதுவாக 1 முதல் 3 ஆண்டுகளே தாங்கும். மண்ணைத் தொடாமல் கூரையின் கீழ் இருப்பின் 4 முதல் 7 ஆண்டுகள் வரை உழைக்கும். வெயிலில் மூங்கில் சாம்பல் நிறம் அடைவது மேற்பரப்பின் மாறுதலே. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வெடிப்பில் நீர் இறங்குவதே கேடு.

ஆகவே, மூங்கிலைத் தேர்ந்தெடுப்பதிலேயே கவனம் வேண்டும். 3 அல்லது 4 ஆண்டு முற்றிய கழியே ஏற்றது. இளங்கழியில் வெண்பொடி படிந்திருக்கும். முற்றிய கழி மங்கிய நிறமுடையதாய், திட்டுத் திட்டாகப் பாசி படர்ந்திருக்கும். சுவர் தடித்த கல்மூங்கில் கால்களுக்கு மிகவும் உகந்தது. குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டாமல், மழை ஓய்ந்தபின் வெட்டுதல் நலம்.

மூங்கிலிலுள்ள மாவுச்சத்தை நாடியே துளை வண்டு வருகிறது. வெட்டிய கழிகளை இரண்டு மாதம் நீரில் அமிழ்த்தி வைத்து, நிழலில் உலர்த்தினால் அச்சத்துப் பெரிதும் குறையும். நீர் நாறுமாதலால் குடிநீர் ஊருணியில் ஊறவைத்தல் கூடாது. இதனால் வண்டின் தொல்லை குறையுமேயன்றிக் கறையான் அகலாது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பதும் நன்றே. எனினும் அம்மருந்து மழையில் கரைந்து போகுமாதலால், அதை மட்டும் நம்பி மூங்கிலை மண்ணில் ஊன்றலாகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது பந்தற்காலின் அமைப்பு. கருங்கல் துண்டை இரண்டடி ஆழத்தில் நட்டு, தரைக்கு மேல் இரண்டடி நிற்கவிடுக. அதன் அருகே ஒரு சாண் உயரத்திற்குக் கல் அடுக்கி, அதன்மேல் மூங்கிலின் அடியை அமர்த்தி, நட்ட கல்லோடு கம்பியால் இறுகக் கட்டுக. மேல்முனையைக் கணுவுக்குச் சற்று மேலே அறுத்தால் குழலில் நீர் தேங்காது. ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும்; ஆதலின் இணைப்புகளைக் கயிற்றால் கட்டுதலே சிறந்தது.

களக்காடு, முண்டந்துறை மலைக்காடுகள் 1988 முதல் புலிகள் காப்பகமாக உள்ளன. அங்கே மூங்கில் வெட்ட இயலாது. சொந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு புதர் வளர்ப்பதே விவசாயிக்கு நிலையான வழி. ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊர்ப் பள்ளித் தோட்டத்தில் கற்கால் பந்தல் ஒன்றும், மண்ணில் ஊன்றிய பந்தல் ஒன்றும் அருகருகே அமைத்துக் காட்டலாம். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் எது நிற்கிறது என்பதை ஊரார் தாமே கண்டுகொள்வர்.