பள்ளம் வேண்டாம், கேமரா வேண்டும்

1971இல் லண்டன் ஹாக்னி பகுதியில், பழைய செங்கல் சாக்கடை ஒன்றுக்கு வைத்தியம் பார்த்த பொறியாளர் எரிக் வுட் மண்வெட்டிக்கு வேலை வைக்கவில்லை. ரெசினில் ஊறிய ஃபெல்ட் துணிக் குழல் ஒன்றைச் சாக்கடைக்குள் செலுத்தி, அங்கேயே இறுகவைத்தார். சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு, பழைய சாக்கடையின் வயிற்றுக்குள் புதுக் குழாய் ஒன்று உருவானது.

இன்று அந்த உத்தியை அதிகம் தேடுகிறவர்களில் அமெரிக்காவில் பழைய வீடு வைத்திருப்பவர்களும் அடக்கம். வீட்டிலிருந்து தெருச் சாக்கடை வரை போகும் குழாய் அங்கே பல நகரங்களில் வீட்டுக்காரர் பொறுப்பு. அது உடைந்தால் தோட்டமும் சிமென்ட் பாதையும் சேர்ந்து பெயரும். குழாய்ச் செலவைவிட, பெயர்த்ததை மறுபடி போடும் செலவு கூடிவிடுவதும் உண்டு.

பழைய வீடுகள் பலவற்றில் இருப்பது சுட்ட களிமண் குழாய். நம் ஊரில் ஸ்டோன்வேர் பைப் என்கிறோமே, அதன் உறவுக்காரன். களிமண் லேசில் கெடாது. கெடுவது இணைப்புதான். இரண்டு மூன்று அடிக்கு ஓர் இணைப்பு. பூசிய சாந்து உதிர்ந்ததும் தலைமுடி அளவு வேர் உள்ளே நுழையும். தண்ணீரும் எருவும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது வெளியே போகுமா? பெருத்துக் கொத்தாகி, வருகிற காகிதத்தையும் கொழுப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைவிட மோசம் ஆரஞ்ச்பர்க் குழாய். நியூயார்க் மாநிலத்து ஊரின் பெயர் அது. மரக்கூழைத் தாரில் தோய்த்துச் செய்தது. தார் ஏற்றிய அட்டை என்றே சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்ததும் இதற்கு மவுசு கூடியது. போருக்குப்பின் கட்டிய புறநகர் வீடுகளிலும் 1970கள் வரை புதைத்தார்கள். இப்போது மண்ணின் பாரத்தில் நசுங்கி, உட்சுவர் கொப்புளம் போட்டு உரிகிறது.

எரிக் வுட்டின் உத்திக்கு இன்று லைனிங் என்று பெயர். அந்த வேலையில் முதலில் அழுத்தநீர் பாய்ச்சி வேரை அறுத்துக் கழுவுவார்கள். பிறகு ரெசின் தோய்ந்த குழல் காற்றழுத்தத்தில், சட்டைக் கையை உள்வெளியாகத் திருப்புவதுபோல் புரண்டு புரண்டு முன்னேறும். ரெசின் பக்கம் பழைய சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வெந்நீர், நீராவி, புற ஊதா ஒளி, ஏதாவது ஒன்றால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். வழியில் வேறு குழாய் வந்து சேர்ந்தால் அதன் வாயும் மூடிப்போகும். சின்ன வெட்டுக் கருவியை அனுப்பி, கேமராவில் பார்த்தபடி அதைத் திறக்கவேண்டும்.

விளம்பரங்கள் அடக்கி வாசிக்கும் சங்கதி ஒன்று உண்டு: புதுக் குழாய் பழைய குழாயின் வடிவத்தைத்தான் எடுக்கும். நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கிய இடத்தில், லைனிங் போட்டபிறகும் தேங்கும். நசுங்கிய ஆரஞ்ச்பர்க்குக்குள் குழலை நுழைப்பது பெரும்பாலும் வீண்செலவு. அதனால் குழாய்க்குள் எடுத்த கேமராப் படத்தை வீட்டுக்காரர் தன் கண்ணால் பார்க்காமல் வேலைக்குக் கையெழுத்துப் போடக்கூடாது.

நசுங்கிய குழாய்க்கு வேறு முறை இருக்கிறது. 1970களின் கடைசியில் பிரிட்டனில் எரிவாயுக் குழாய்களை மாற்ற உருவானது. இரு முனையிலும் குழி வெட்டி (ஆம், குழி வெட்டத்தான் வேண்டும்) கூம்புத் தலை ஒன்றை இரும்புக் கயிற்றால் இழுப்பார்கள். அது பழைய குழாயை நொறுக்கிச் சில்லுகளை மண்ணுக்குள் தள்ள, பின்னாலேயே பாலிஎத்திலீன் குழாய் வந்து உட்காரும். மண் நகரும் என்பதால், பக்கத்தில் எரிவாயுக் குழாய் போகிறதா என்று முன்கூட்டியே பார்த்தாகவேண்டும்.

பார்க்காமல் விட்டால்? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், கெனோஷா நகரில் பள்ளம் வெட்டாமல் துளையிட்டுப் பதித்த எரிவாயுக் குழாய் ஒன்று, ஒரு வீட்டுச் சாக்கடைக் குழாயைக் குத்திக்கொண்டு போயிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. 1976இல் அடைப்பெடுக்கும் கருவி அதைக் கிழித்தது. வாயு பரவி வீடு வெடித்ததில் இருவர் இறந்தார்கள்.

லைனிங்குக்கு வந்தால், ரெசினின் வாடையும் லேசுப்பட்டதல்ல. நீராவியில் இறுகவைக்கும்போது வெளிவரும் வெண்புகை வெறும் ஆவி இல்லை, ஸ்டைரீன் உள்ளிட்ட வேதிப்பொருள்களும் அதில் கலந்திருக்கின்றன என்று 2017இல் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். புழங்காத பாத்ரூமின் தரைத் துவாரத்தில் தண்ணீர் வற்றியிருந்தால் புகை நேரே வீட்டுக்குள் ஏறிவிடும். வேலை தொடங்குமுன் அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொள்வது நல்லது. தெருச் சாக்கடையில் வேலை நடந்தாலும் இதைச் செய்யலாம்.