விறைப்பான மெத்தைக்கு நீடித்துழைக்கும் பொருட்கள்

“மெத்தை மிகவும் விறைப்பாக இருத்தல் வேண்டும், பல ஆண்டுகள் உழைக்கவும் வேண்டும். எப்பொருளைத் தெரிவு செய்வீர்? காரணம் தருக.” இவ்வகை வினாவிற்கு மாணவர் பலர் ‘தும்பு மெத்தை’ என எழுதி நிறுத்திவிடுவர். விடை பிழையன்று, கேட்கப்பட்ட காரணம் அதில் இல்லை. மெத்தை என்பது ஒரு குடும்பம் மாதக்கணக்கில் பணம் சேர்த்து வாங்கும் பொருள். கடையில் கையால் அமுக்கிப் பார்த்து வாங்கிய மெத்தையில் அடுத்த ஆண்டே குழி விழுந்தால் அப்பணம் வீண். எனவே இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் கற்க வேண்டியதில்லை.

விறைப்பும் அடர்த்தியும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே வழமையான தவறு. ஒரு பொருளைக் குறித்த அளவு அமுக்கத் தேவையான விசை அதன் விறைப்பைக் காட்டும். நுரைப்பொருட்களில் தடிப்பின் 25 வீதம் அமுங்கத் தேவையான விசை பொதுவாக அளக்கப்படும். அடர்த்தி என்பது ஓரலகுக் கனவளவின் திணிவாகும்.

பொலியூரெத்தேன் நுரையின் அடர்த்தியைக் கூட்டாமலே, இரசாயனக் கலவையை மாற்றி அதனை விறைப்பாக்கலாம். அத்தகைய மெத்தை புதிதில் பலகை போலிருக்கும். ஆனால் அதன் நுரையறைகளின் சுவர்கள் மெல்லியவை. இரவுதோறும் இடுப்பின் பாரம் ஒரே இடத்தில் விழ, சுவர்கள் மடிந்து உடைந்து அவ்விடம் பதிந்துவிடும். ஆகவே விறைப்பு இன்றைய நிலையைக் கூறும். எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை ஊகிக்க அடர்த்தி உதவும்.

உதாரணமாக 190 சென்ரிமீற்றர் நீளமும் 90 சென்ரிமீற்றர் அகலமும் 10 சென்ரிமீற்றர் தடிப்புமுள்ள நுரைத்துண்டைக் கொள்க. கனவளவு 1.9 × 0.9 × 0.1 = 0.171 கன மீற்றர். அதன் திணிவு 3.42 கிலோகிராம் எனின் அடர்த்தி கன மீற்றருக்கு 20 கிலோகிராம், 5.13 கிலோகிராம் எனின் 30 கிலோகிராம். இரண்டும் கைக்கு ஒரே விறைப்பாகத் தோன்றினும் இரண்டாவதையே தெரிவு செய்க. இங்கும் ஒரு சூது உண்டு. கல்சியம் காபனேற்று போன்ற நிரப்பிகளைச் சேர்த்தும் நிறையைக் கூட்டலாம். அதனால் ஆயுள் கூடாது.

தும்பும் இறப்பர்ப்பாலும்

முற்றிய தேங்காயின் பொச்சு மட்டையிலிருந்து கபிலநிறத் தும்பு பெறப்படுகின்றது. இலங்கையில் நீளமான இழைகள் தூரிகை செய்யவும், குட்டையானவை மெத்தை நிரப்பவும் வேறாக்கப்படும். பின்னதற்கு ‘மெத்தைத் தும்பு’ என்றே வணிகப் பெயர். பருத்தி பெரும்பாலும் செலுலோசு. தும்பிலோ இலிக்னினும் பெருமளவு உண்டு. இழையின் விறைப்புக்கும் எளிதில் உக்காமைக்கும் இதுவே காரணம்.

எனினும் வெறுந்தும்பை உறையில் அடைத்தால் இழைகள் நழுவி ஒதுங்கும். இதனைத் தவிர்க்கத் தும்பைக் கயிறாக முறுக்கி, வெப்பமேற்றி, பின் பிரிப்பர். சுருள் இழையில் நிலைத்துவிடும். ஒவ்வோர் இழையும் ஒரு சிறு வில்லாகும். இவற்றைப் படலமாகப் பரப்பி, கந்தகம் முதலியன கலந்த இறப்பர்ப்பாலைத் தெளித்து, அழுத்தி வெப்பமேற்றுவர். இழைகள் சந்திக்கும் இடங்களில் இறப்பர் பிணைப்பாகின்றது. கந்தகம் இறப்பர்ச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கும் இச்செயல் வல்கனைசுப்படுத்தல் எனப்படும். 1839 இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்தது இதனையே.

ஆகவே தும்பு மெத்தையின் ஆயுள் தும்பில் மட்டுமன்றி இறப்பரின் அளவிலும் தங்கியுள்ளது. இறப்பர் குறைந்தால் பிணைப்புகள் விடுபட்டு, தூளும் இழைத்துண்டுகளும் உதிரும். உறையின் மூலையைத் திறந்து காட்டுமாறு கடைக்காரரைக் கேட்கலாம். தட்டும்போது தூள் கொட்டினால் வாங்காதீர். இம்மெத்தையை மடித்து ஏற்றிச் செல்லலாகாது, பிணைப்பு அறுந்துவிடும். இடைவெளி கூடிய சட்டங்களின் மீது வைத்தாலும் தொய்யும். தட்டையான பலகையே ஏற்றது.

இறப்பர்ப்பாலை நுரைக்கச் செய்து வார்க்கும் தடித்த மெத்தையும் நன்கு உழைக்கும், விலைதான் அதிகம். ஒட்சிசனும் ஒளியும் இறப்பரை நொறுங்கச் செய்வதால் இதனை வெயிலில் உலர்த்தலாகாது. பருத்தி மெத்தைக்கு வெயில் நல்லது என்று வீட்டில் கூறப்படும் அறிவுரையை இதற்குப் பொருத்துதல் தவறு.

ஏனைய பொருட்கள்

சுருள்வில் மெத்தையில் கம்பியின் தடிப்பே முக்கியம். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கிற்கு விகிதசமமாகும். ஏனைய அளவுகள் மாறாதிருக்க, 2.0 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதில் 2.4 மில்லிமீற்றர்க் கம்பி எனின் விறைப்பு ஏறத்தாழ இருமடங்கு. கடற்கரைப் பிரதேசங்களில் துருவையும் கருத்திற் கொள்க. பருத்தி இறுகிக் கட்டியாகும், ஆனால் பிரித்துக் கொட்டி மீண்டும் நிரப்பலாம். இலவம்பஞ்சு இழை நொறுங்கும் இயல்புடையது. விறைப்பான மெத்தைக்கு உதவாது. உறைக்கு நெருக்கமாக நெய்த சாய்வு நெசவுப் பருத்தித் துணி போதுமானது.

யாருக்கு ஏற்றது?

முதுகுவலிக்கு மிக விறைப்பான மெத்தையே மருந்து என்பது பரவலான நம்பிக்கை. 2003 இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில், நீடித்த முதுகுவலியுள்ள 313 பேர் கலந்துகொண்டனர். விறைப்பான மெத்தையை விட நடுத்தர விறைப்புள்ளதே அவர்களுக்குக் கூடிய பயனளித்தது. எழ இயலாத நோயாளரை மிக விறைப்பான மெத்தையில் ஒரே நிலையில் கிடத்தினால் எலும்பு துருத்தும் இடங்களில் அமுக்கப் புண் உண்டாகும். மாறாகக் கைக்குழந்தைக்குத் தட்டையான, விறைப்பான பரப்பே பாதுகாப்பானது. முகம் புதையும் மென்மெத்தையில் மூச்சுத் தடைப்படலாம்.

மாதிரி வினா: ஒரே அளவும் விலையும் கொண்ட இரு நுரை மெத்தைகளில் ‘அ’ கூடிய விறைப்பும் குறைந்த அடர்த்தியும், ‘ஆ’ சற்றுக் குறைந்த விறைப்பும் கூடிய அடர்த்தியும் உடையன. நிரப்பிகள் எதிலும் இல்லை. நீண்ட காலப் பாவனைக்கு எது ஏற்றது?

விடை: ‘ஆ’. அதன் நுரையில் ஓரலகுக் கனவளவில் உள்ள பொருள் அதிகம். எனவே மீண்டும் மீண்டும் அமுக்கப்படினும் நுரையறைச் சுவர்கள் எளிதில் உடையா. ‘அ’ இன் தொடக்க விறைப்பு பாவனையில் விரைவாகக் குறையும்.